வீட்டுப் பேருக்கு ஒரு கட்டம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஆபீசில் சொல்வார்கள். தெரியாமல் சொல்கிறார்கள். மூக்குக்கு மேலே வருகிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். என்னுடையது அடிவயிற்றில் போய் உட்காரும், லேசில் எழுந்திருக்காது. ஒரு மனிதரைப் பழிவாங்க நான் ஐந்து வருஷம் காத்திருந்தேன். கத்தி எடுக்கவில்லை, கேஸ் போடவில்லை. ஒரு ஃபார்ம் செய்தேன். கம்ப்யூட்டர் திரையில் பேர், வயசு, போன் நம்பர் என்று கட்டம் கட்டமாக வருமே, அதுதான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தர்ம கிளினிக் இருக்கிறது. கிடங்குகளில் சுக்கு சலிக்கிறவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அங்கேதான் போவார்கள். உள்ளே நுழைந்ததும் கவுண்டர். அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், பேனா மூடியால் காது குடைந்தபடி உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. கவுண்டர் சார் என்பார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மனசுக்குள் அவருக்கு நான் வைத்திருந்த பேரை எழுதினால் அச்சுக்கோக்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார்.

கேரளத்தில் மனுஷனுக்குப் பேர் இருந்தால் போதாது, வீட்டுக்கும் பேர் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ரேஷன் கடை வரைக்கும் எந்தத் தாளை நீட்டினாலும் ‘வீட்டுப் பேர்’ என்று ஒரு வரி இருக்கும். சிலருக்கு அது சொந்தப் பேரைவிடப் பெரிது. கவுண்டர் சார் போனை எடுத்தால் முதலில் தன் தறவாட்டின், அதாவது பூர்வீகக் குடும்ப வீட்டின், பேரைச் சொல்லி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் தன் பேரைச் சொல்வார். எங்களுக்கு அதற்கு எங்கே போவது? என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே பத்து அறை, பத்துக் குடும்பம். ‘குழாய்க்குப் பக்கத்து வீடு’ என்றால் தபால்காரருக்குத் தெரியும். அதற்கு மேல் பேர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிளினிக்கின் பழைய ஃபார்மில் வீட்டுப் பேர் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். காலியாக விட்டால் சேவ் ஆகாது, சிவப்பு எழுத்தில் முறைக்கும். வரிசையில் தமிழ் ஆள் வந்து “வீட்டுக்குப் பேரு இல்ல சாரே” என்றால் கவுண்டர் சார் ஒரு கணம்கூட யோசிக்க மாட்டார். அந்தக் கட்டத்தில் ‘பாண்டி’ என்று அடித்துவிடுவார். தமிழ்நாட்டுக்காரனைப் பார்த்து இங்கே முதுகுக்குப் பின்னால், சில சமயம் முகத்துக்கு நேராகவே, சொல்கிற சொல் அது. நான் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்த நாட்களுக்குக் கணக்கில்லை. இப்படியாக, எங்கள் அம்மாவும் எதிர் வீட்டுத் தாத்தாவும் நேற்று பஸ்ஸில் வந்திறங்கிய கொத்தனாரும் கம்ப்யூட்டரில் ஒரே வீட்டுக்காரர்கள் ஆனோம். பார்க்கப்போனால் மட்டாஞ்சேரியிலேயே பெரிய தறவாடு எங்களுடையதுதான்.

இதை ஒரு அவமானம் என்று முழுங்கிவிட்டுப் போயிருப்போம். முழுங்கிப் பழக்கம்தான். ஆனால் அந்தப் பழைய டேட்டாபேஸில் ஆளுக்கு ஒரு எண் கிடையாது. பேரும் வீட்டுப் பேரும் சேர்ந்தால் அதுதான் ஆள். அம்மாவின் பேரிலேயே பக்கத்துத் தெருவில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளுக்கும் வீடு ‘பாண்டி’. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒரே மனுஷி, ஒரே ஃபைல்.

அம்மாவுக்கு ஒரு ஊசி மருந்து ஆகாது. முன்பு ஒருமுறை போட்டு உடம்பெல்லாம் தடித்தது, டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளியோடு போன அன்று, அம்மா அதை நர்ஸிடம் சொல்லியும் இருக்கிறாள். “எனக்கு அந்த ஊசி ஆவாதும்மா.” நர்ஸ் திரையைப் பார்த்தாள். அங்கே இருந்தது மற்றவளின் விவரம். ஒவ்வாமை: இல்லை.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லல்லோ அம்மே” என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டாள்.

நான் ஆபீஸ் இருக்கிற கலூரிலிருந்து ஓடி வருவதற்குள் அம்மாவின் முகம் பூசணிக்காயாக வீங்கி, உதடு பிதுங்கி, மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மாற்று ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, எப்படியோ பிழைக்க வைத்தார். மூன்றாம் நாள் நான் கிளினிக்குக் கிளம்பிப் போய்க் கவுண்டரில் கையால் அடித்தேன். யார் போட்டது இந்தப் பேரை, யார் சேர்த்தது இரண்டு ஃபைலையும் என்று கத்தினேன். கவுண்டர் சார் பேனா மூடியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாண்டிகளுக்கெல்லாம் ஒரே பேரு. ஞான் எந்து செய்யான்?”

நான் என்ன செய்ய முடியும் என்கிறார். சிரிக்கக்கூட இல்லை, நியாயம் பேசுகிற மாதிரிச் சொன்னார். சிரித்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேனோ என்னவோ.

அம்மா அதற்கப்புறம் அந்தக் கிளினிக் படியை மிதிக்கவில்லை. சர்க்கரை ஏறியது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

“எனக்கு வைத்தியம் பாக்குத டாக்டரு அங்கதான இருக்காவ. போனா அங்கதான் போவேன். ஆனா அந்த ஆளு என் பேரை மனுஷப் பேரா அவன் கையால எழுதணும். எழுதட்டும், வாரேன்.”

“அவன் எழுதலேன்னா?”

“எழுதலேன்னா கெடந்து சாவுதேன். போட்டீ அங்கிட்டு.”

சொல்லை மீற மாட்டாள். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம். இந்த வருஷம் அவள் வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் நின்றது. மஞ்சள் பத்துப் போட்டாள், பவுடர் போட்டாள், புண் கறுத்துக்கொண்டே போனது. சர்க்கரைக்காரர்களின் கால் எப்படிப் போகும் என்று எங்கள் பத்துக் குடும்பத்திலேயே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம் இன்னொரு செய்தி வந்தது. கவுண்டர் சார் இன்னும் இரண்டு மாதத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் அம்மாவின் சபதம் நிறைவேறாது. நிறைவேறாவிட்டால் அவள் போக மாட்டாள். கால் போகும்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். என் விஷயத்தில் தெய்வம் மெயில் அனுப்பியது. நான் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி கலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. டேட்டாபேஸும் அதற்கு ஃபார்மும் செய்து கொடுப்போம். ஒரு காலை மேனேஜர் சேச்சி ஒரு புது வேலையை வாசித்தார். மட்டாஞ்சேரியில் ஒரு கிளினிக், நோயாளிகளைப் பதிய புது ஃபார்ம் வேண்டுமாம். அவர் வாசித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஃபார்ம் செய்கிறவர் முதலில், அதில் தினமும் வேலை செய்யப்போகிறவருக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது எங்கள் தொழிலின் முறை. நான் போய்க் கவுண்டர் சாருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முடியை வெட்டியிருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன், மலையாளம் தவிர வாயில் வேறு வரவில்லை. பதினோரு மணிக்கு எனக்குச் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். சாயாவில் உப்பில்லை, பழம்பொரியிலும் அவ்வளவாக இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இரண்டையும் சாப்பிட்டேன்.

அவர் வேலையில் கெட்டிக்காரர்தான். இரண்டே விரலில் மின்னலாக அடிப்பார். நடுவில் ஒரு கட்டட வேலைக்காரர் வந்தார், தமிழ் ஆள், கையில் ஆணி குத்தியிருந்தது. வீட்டுப் பேர் கேட்டார், இல்லை என்றது பதில். சார் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

“கண்டோ மோளே, இதொரு எளுப்பவழி.”

சுலபமான வழியாம். முதல் எழுத்தை மட்டும் அடித்தார். மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டது. அத்தனை முறை அடித்துப் பழகியிருக்கிறது அந்தச் சொல். ஒவ்வாமை கட்டத்தில் ‘இல்லை’ என்பது தானாகவே வந்து நின்றது. அவர் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஆளுக்கு எங்கள் மேல் தனியாக ஒரு வன்மமும் கிடையாது. வரிசை நகர வேண்டும், கட்டம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவன் என்னைப் போல எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மடையன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டத்துக்கு ஒரு கோடு போதுமே? ஒரு புள்ளி வைத்தால் சேவ் ஆகியிருக்காதா? தெருப் பேரைப் போட்டால் குடியா முழுகும்? உலகத்தில் இருக்கிற அத்தனை சொல்லிலும் அவர் கைக்கு அகப்பட்டது அந்த ஒன்றுதான். அதற்கு எந்த மடையனும் பொறுப்பில்லை. பிளேட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடி அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

முதலில் நான் செய்த ஃபார்மை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அது ஃபார்ம் இல்லை, சித்திரவதைக் கூடம். எழுத்தையெல்லாம் பொடியாக்கினேன், அவருக்குப் பக்கத்துப் பார்வை கம்மி. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவர் எப்போதும் அமுக்குகிற பட்டன், திரையில் தாறுமாறாகத் தாவும்படி வைத்தேன். வீட்டுப் பேர் கட்டத்தில் அந்தச் சொல்லை அடித்தால் திரை முழுக்கச் சிவந்து, ‘இதை அடிக்கிற கை அழுகிப்போகட்டும்’ என்று மலையாளத்தில் வரும். ஐந்து வருஷக் கறுவல், வேறு எப்படி இருக்கும்?

சேச்சி சோதித்துப் பார்க்க உட்கார்ந்தபோது, என் போதாத காலம், சரியாக அந்தச் சொல்லையே அடித்தார். தமிழ்க்காரர்களுக்கு என்ன போடுவார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள். சிவப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது ஆரு எழுதியது?”

“நான்தான் சேச்சி.”

“தேஷ்யம் மனசிலெ வெச்சோ. ஸ்க்ரீன்லெ வெக்கண்டா. அயாள் அடுத்த மாசம் போகும். பின்னெ வரப்போற பெண்ணு எந்து தெற்று செய்து, இதெல்லாம் அனுபவிக்க?”

கோபத்தை மனசோடு வை, அந்த ஆள் போனபின் வரப்போகிற பெண் என்ன தப்புச் செய்தாள் என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிறவள் நான், அதுதான் என் கேடு. ஊசி, வீங்கின முகம், கால் விரல், சபதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேச்சி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் போட்டு, “இனி நல்லா பழி வாங்கு” என்றார். அவர் பேசி நான் கேட்ட ஒரே முழுத் தமிழ் வாக்கியம் அதுதான்.

அப்புறம்தான் உண்மையான வேலை நடந்தது. ஆளுக்கு ஒரு எண், பதியும்போதே கம்ப்யூட்டர் கொடுப்பது, யாரும் தொட முடியாது. பேர் ஒன்றாக இருந்தால் இருக்கட்டும், ஆள் வேறுதான். ஒவ்வாமைக்குத் தனி அட்டவணை, அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டது. அந்தக் கட்டம் காலியாகத்தான் திறக்கும். ‘உண்டு’, ‘கேட்டேன், இல்லை’, ‘கேட்க முடியவில்லை’ என்று மூன்று வழி. வாயைத் திறந்து கேட்காமல் தாண்ட வேண்டுமானால் பொய் சொல்ல வேண்டும், கீழே அடித்தவர் பேர் நிற்கும். கவுண்டரில் நோயாளி பக்கம் பார்த்தபடி இரண்டாவதாக ஒரு திரை. சார் என்ன அடிக்கிறாரோ அது மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அங்கே தெரியும். ‘நோயாளி பார்த்தார், சரி என்றார்’ என்ற கட்டத்தில் டிக் போடாமல் சேவ் பட்டன் உயிர் பெறாது. வீட்டுப் பேர் கட்டத்தை மட்டும் கட்டாயம் இல்லை என்று மாற்றவில்லை. அடியோடு பிடுங்கி எறிந்தேன். சாரின் தறவாட்டுப் பேருக்கும் இனி அங்கே இடமில்லை என்று நினைத்தபோது பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

பழைய பதிவுகளைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. பெரிய தறவாட்டில் பாகப்பிரிவினை என்றால் சும்மாவா. அம்மாவும் அந்த இன்னொரு பெண்ணும் சேர்ந்திருந்த ஃபைலை மட்டும் நான் பிரிக்காமல் விட்டேன். அம்மா புதிதாகவே பதிவாகட்டும் என்று இருந்தேன்.

கிளினிக்காரர்கள், சார் போன பிறகு, ஒன்றாம் தேதி தொடங்கலாம் என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. சேச்சிதான் பேசினார். அனுபவமுள்ள கை ஒன்று முதலில் ஓட்டிப் பார்த்தால்தான் குறை தெரியும் என்று அடித்துச் சொல்லி, சாரின் கடைசி வாரத்திலேயே ஆரம்பிக்க வைத்தார். இரண்டு நாள் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு ஆளிடமும் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. “இதெந்து கஷ்டமாணு மோளே” என்று முனகினார். “பழகிடும் சாரே” என்றேன்.

மூன்றாம் நாள் காலை, நான் சொல்லி வைத்திருந்தபடி, அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர்ப் புடவை, தலை நிறையப் பூ, வலது காலில் மட்டும் செருப்பு இல்லாமல் வெள்ளைத் துணிக் கட்டு. வரிசையில் நின்றாள், யாரையும் தாண்டவில்லை. நான் சாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

பேர் கேட்டார், சொன்னாள். அடித்தார். வயசு கேட்டார். அடுத்து அவர் வாய் தானாகத் திறந்தது. அத்தனை வருஷப் பழக்கம், அதை எந்த ஃபார்ம் அழிக்கும்?

“வீட்டுப் பேரு?”

அம்மா அவரை நேராகப் பார்த்தாள்.

“பாண்டி” என்றாள். உரக்கவே சொன்னாள், வரிசைக் கடைசி வரைக்கும் கேட்டது. “நீங்க வச்ச பேருதானே சாரே. மறந்துபோச்சா?”

அவர் விரல் முதல் எழுத்தின் மேல் போய் நின்றது. திரையில் மேலே தேடினார், கீழே தேடினார். அந்தக் கட்டம் எங்கேயும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கால் கட்டைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஐந்து வருஷம் முன்னால் இதே கவுண்டரில் அடித்த கை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய காது மடல் சிவந்ததை நான் கண் நிறையப் பார்த்தேன். பாவம் என்று தோன்றியதா என்றால், இல்லை. சத்தியமாக இல்லை.

“அதினு... இதிலெ ஸ்தலம் இல்ல” என்றார்.

“முந்தி இருந்துச்சே” என்றாள் அம்மா.

வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அங்கே அவர் கேட்டே ஆக வேண்டும். குனிந்தபடியே கேட்டார்: “அம்மைக்கு... ஊசிமருந்து ஏதெங்கிலும் ஆவாதோ?”

அம்மா அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டு அனுபவிக்கிறவள் மாதிரி நின்றாள். அப்புறம் மருந்தின் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஐந்து வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அவர் அடித்தார். அவள் பக்கத்துத் திரையில் அது சிவப்பில் எழுந்து நின்றது.

எல்லாம் முடிந்தது, டிக் மட்டும்தான் பாக்கி. “நோக்கிச் சொல்லணும் அம்மே, சரியோ?” என்றார். மௌஸின் மேல் கை. அம்மா ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். புடவை முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்தாள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, தன் பேரை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வரிசை நின்றது. சாரின் கையும் அப்படியே நின்றது. அவள் சரி என்று சொல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒருவழியாகக் கடைசி எழுத்துக்கு வந்து சேர்ந்தாள்.

“சரியோ?” என்றார் அவர்.

“நில்லுங்க சாரே” என்றாள் அம்மா. “இன்னொரு தடவ படிக்கேன்.”